மெஷின் மேல் ஒரு பெயர்... செய்தது இன்னொருவர்! தையல் மெஷின் பிராண்டுகள் சொல்லாமல் விடும் அந்த ஒரு வரி

பல வீடுகளில் பாட்டி காலத்து கறுப்புத் தையல் மெஷின் ஒன்று மூலையில் இருக்கும். உடம்பில் தங்க நிற எழுத்து, கீழே இரும்புக் கால், காலால் மிதிக்கும் பலகை. அந்த வீட்டுப் பெண் இப்போது தையல் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு ஆன்லைனில் தேடுகிறார். அதே பெயரில் ஒரு வெள்ளை மெஷின் வருகிறது. எல்.இ.டி. விளக்கு, மோட்டார், இருபதுக்கும் மேற்பட்ட தையல் வகைகள். "பாட்டி வைத்திருந்த அதே கம்பெனிதானே, நம்பி வாங்கலாம்" என்று ஆர்டர் போட்டு விடுகிறார்.

பெயர் அதேதான். ஆனால் கம்பெனி அதேதானா? அநேகமாக இல்லை. ஃபேக்டரி? அதுவும் அநேகமாக இல்லை.

இன்று கடையில் இருக்கும் வீட்டுத் தையல் மெஷின்களில் கணிசமானவற்றை, மேலே பெயர் இருக்கும் நிறுவனம் செய்வதில்லை. வேறு ஒரு நிறுவனம், பெரும்பாலும் வேறு ஒரு நாட்டில், செய்து கொடுக்கிறது. இது சட்டவிரோதம் இல்லை, மோசடியும் இல்லை. அப்படியென்றால் பிரச்னை என்ன? செய்தது யார் என்பதை வாங்குகிறவரிடம் சொல்லாமல் விடுவதுதான் பிரச்னை. அது ஏன் முக்கியம் என்று பார்ப்போம்.

ஃபேக்டரி போனது, பெயர் மட்டும் நின்றது

சிங்கரில் இருந்து ஆரம்பிக்கலாம். 1851-ல் அமெரிக்காவில் ஐசக் மெரிட் சிங்கர் காப்புரிமை வாங்கித் தொடங்கிய தொழில் அது. ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஊரில் 1885-ல் ஒரு பிரமாண்டத் தொழிற்சாலையைத் திறந்தார்கள். 1913-ல் மட்டும் அங்கிருந்து சுமார் 13 லட்சம் மெஷின்கள் போயின. தொழிலாளர்கள் வந்து போவதற்கு ஒரு ரயில் நிலையமே இருந்தது. அந்த நிலையத்தின் பெயரும் 'சிங்கர்'தான்.

1980-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. ரயில் நிலையம் இன்றும் இருக்கிறது, ரயிலும் நிற்கிறது. மெஷின்தான் அங்கே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பெயரின் பயணம். 1986-ல் சிங்கர் நிறுவனம் தன் தையல் மெஷின் தொழிலைத் தனியாகப் பிரித்து விட்டது. 1989-ல் அது செமி-டெக் என்ற குழுமத்தின் கைக்குப் போனது. 1999-ல் திவால் மனு. 2004-ல் கோல்பர்க் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. 2006-ல் ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா வைகிங், ஜெர்மனியின் ஃபாஃப் ஆகிய பெயர்களும் சிங்கரோடு ஒரே கூரையின் கீழ் வந்தன. எஸ்.வி.பி. வேர்ல்ட்வைடு என்ற அந்தக் குழுமத்தை 2021-ல் பிளாட்டினம் ஈக்விட்டி என்ற இன்னொரு முதலீட்டு நிறுவனம் வாங்கியது.

ஒரு காலத்தில் கடையில் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிய மூன்று பெயர்களுக்கு இப்போது முதலாளி ஒருவரே.

நாட்டுக்கு நாடும் கதை மாறும். இலங்கையில் 'சிங்கர்' என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஃப்ரிட்ஜும் டி.வி.யும்தான். அங்கே அது 2017 முதல் ஹேலீஸ் குழுமத்தின் கையில் இருக்கும் தனி நிறுவனம். இந்தியாவில் சிங்கர் இந்தியா என்பது பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட இன்னொரு நிறுவனம். பெயர் ஒன்றுதான், வீடுதான் வேறு வேறு.

அப்போ உண்மையில் செய்வது யார்?

தைவானில் ஜெங் ஷிங் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. 1968-ல் தொடங்கியது. உலகின் பெரிய வீட்டுத் தையல் மெஷின் தயாரிப்பாளர்களில் ஒன்று. வியட்நாமிலும் சீனாவிலும் தொழிற்சாலைகள் வைத்திருக்கிறது. தையல் தெரிந்தவர்களில்கூட இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவுதான். காரணம், அதன் முக்கியத் தொழிலே மற்ற பிராண்டுகளுக்குச் செய்து கொடுப்பது.

ஜப்பானின் ஜனோமே இதில் வேறு ரகம். 1921-ல் தொடங்கிய இந்த நிறுவனம் தன் பெயரிலும் விற்கும், மற்றவர்களுக்கும் செய்து கொடுக்கும். ஜப்பான், தைவான், தாய்லாந்து என்று மூன்று இடங்களில் சொந்தத் தொழிற்சாலை. சுவிட்சர்லாந்து பெயரான எல்னாவும் இப்போது ஜனோமேவுக்குச் சொந்தம்.

சுவிட்சர்லாந்தின் இன்னொரு பிராண்டான பெர்னினாவுக்கு தாய்லாந்தில் சொந்தத் தொழிற்சாலை இருக்கிறது. இதை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெளிநாட்டில் சொந்த ஃபேக்டரி வைத்துச் செய்வது வேறு, அடுத்தவர் ஃபேக்டரியில் செய்து வாங்குவது வேறு. பெட்டியில் 'தாய்லாந்தில் தயாரிக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தால், இந்த இரண்டில் எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது.

இந்த ஒப்பந்த உற்பத்தியில் பொதுவாக இரண்டு வகை சொல்வார்கள். பிராண்ட் தன் டிசைனைக் கொடுத்து, "இதைச் செய்து கொடுங்கள்" என்று கேட்பது ஒரு வகை. இதை ஓ.இ.எம். என்கிறார்கள். ஃபேக்டரியே டிசைன் செய்து தயாராக வைத்திருக்கும் மாடலில், மேல் மூடியையும் நிறத்தையும் மாற்றி, பெயரை ஒட்டி வாங்கிக்கொள்வது இன்னொரு வகை. இது ஓ.டி.எம்.

புரியும்படி சொன்னால், கிளவுட் கிச்சன் மாதிரி. உணவு ஆப்பில் நாலு கடை பெயர் தெரியும். உள்ளே அடுப்பு ஒன்றுதான். இரண்டு வெவ்வேறு பிராண்ட் மெஷின்களின் மேல் மூடியைக் கழற்றினால், உள்ளே ஒரே அச்சு இருப்பதும் இப்படித்தான்.

ஏன் சொந்தமாகச் செய்வதில்லை?

தையல் மெஷின் பார்க்க எளிமையாக இருக்கும். ஆனால் உள்ளே நடப்பது நுணுக்கமான வேலை. ஊசி மேல் நூலோடு துணிக்குள் இறங்கி, மேலே எழும்பும் அந்த நொடியில் நூல் சின்ன வளையமாக விரியும். கீழே சுற்றும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, பாபின் நூலைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். கொக்கி ஊசியை உரசக் கூடாது, விலகியும் போகக் கூடாது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு தலைமுடி அளவுதான். கொஞ்சம் பிசகினாலும் தையல் விட்டு விட்டு விழும், ஊசி உடையும்.

இந்தத் துல்லியத்துக்கு உலோகத்தை வார்க்கும் அச்சுகளும், கடைசல் எந்திரங்களும், பழகிய ஆட்களும் வேண்டும். அந்த முதலீடு திரும்ப வர, மெஷின்கள் லட்சக்கணக்கில் விற்க வேண்டும். பாட்டி காலத்தில் விற்றன. அப்புறம் ரெடிமேட் துணி மலிவானது, பெண்கள் வேலைக்குப் போனார்கள், வீட்டில் தைப்பது குறைந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனை சரிந்தது. ஒவ்வொரு பிராண்டும் தனித்தனியாக ஒரு ஃபேக்டரியைக் கட்டிக் காக்கும் அளவுக்கு வியாபாரம் இல்லை. ஐந்தாறு பிராண்டுகளின் ஆர்டர் ஒரே இடத்தில் சேர்ந்தால் ஃபேக்டரியும் பிழைக்கும், விலையும் குறையும்.

ஆகவே அவுட்சோர்ஸிங் என்பதையே கெட்ட வார்த்தை ஆக்க வேண்டியதில்லை. திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவே தேவையில்லை. உலகத்தின் பெரிய பிராண்ட் டி-ஷர்ட்டுகள் அங்கே தைக்கப்பட்டுத்தான் போகின்றன. அதற்காக அந்த டி-ஷர்ட் போலி ஆகிவிடுமா? இல்லை. ஒரே ஃபேக்டரியில் இரண்டு பிராண்டுக்கு வேலை நடக்கும்போது துணியின் ஜி.எஸ்.எம். வேறாக இருக்கும், சோதனையின் கறார் வேறாக இருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தையல் மெஷினிலும் அதேதான். ஒரே ஃபேக்டரி என்பதால் தரமும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. பல்சக்கரம் உலோகமா பிளாஸ்டிக்கா, ஒவ்வொரு மெஷினையும் ஓட்டிப் பார்த்து அனுப்பினார்களா என்பதெல்லாம் பிராண்ட் கொடுக்கும் காசையும் போடும் நிபந்தனையையும் பொறுத்தது.

மூன்று எண்கள் சொல்லும் பாடம்

சரி, யார் செய்தால் என்ன? மெஷின் ஓடினால் போதாதா?

ஓடுகிற வரை போதும். நின்ற பிறகுதான் கேள்வியே வரும். அதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு கதை நல்ல பாடம்.

சியர்ஸ் என்பது அமெரிக்காவின் மிகப்பெரிய கடைச் சங்கிலிகளில் ஒன்றாக இருந்தது. அதன் சொந்த பிராண்ட் கென்மோர். கென்மோர் பெயரில் தையல் மெஷின், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் விற்றார்கள். வெவ்வேறு நிறுவனங்களிடம் செய்து வாங்கி, கென்மோர் பெயரைப் போட்டார்கள்.

ஆனால் ஒரு வேலை மட்டும் சரியாகச் செய்தார்கள். மாடல் எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள், அதைச் செய்தது யார் என்பதைக் குறிக்கும். தையல் மெஷினில் 117 என்று தொடங்கினால் அமெரிக்காவின் ஒயிட் நிறுவனம். 158 என்றால் ஜப்பானின் மாருசென், அதாவது பின்னாளில் ஜாகுவார். 385 என்றால் ஜனோமே. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கும் இதே முறைதான். 106 என்றால் வேர்ல்பூல், 795 என்றால் எல்.ஜி.

2018-ல் சியர்ஸ் திவால் மனு கொடுத்தது. நூற்றுக்கணக்கில் கடைகள் மூடின. ஆனால் வீட்டில் பழைய கென்மோர் தையல் மெஷின் வைத்திருந்தவர்கள் கையறு நிலைக்குப் போகவில்லை. 385 என்று தொடங்கும் மெஷின் என்றால், பொருந்தும் பாகத்தை ஜனோமே பக்கம் தேடலாம் என்று அவர்களுக்கும் தெரியும், ரிப்பேர் செய்பவருக்கும் தெரியும். விற்ற கடை போனாலும் செய்தவரின் அடையாளம் மெஷினிலேயே இருந்தது.

பெயர் ஒருவருடையது, கை இன்னொருவருடையது என்பதால் வாங்கியவருக்கு நஷ்டம் வரவில்லை. அந்தக் கை யாருடையது என்ற குறிப்பு இருந்ததுதான் அவரைக் காப்பாற்றியது.

கறுப்பு மெஷின் ஏன் சாகவே மாட்டேன் என்கிறது?

இதே பாடம் பாட்டியின் மெஷினிலும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் பல சிறு தொழிற்சாலைகள் தையல் மெஷின் செய்யத் தொடங்கின. சிங்கரின் '15' ரக மெஷினை அடிப்படையாக வைத்து, பாகங்களின் அளவுகளைப் பொதுவாக்கினார்கள். ஒருவர் உடல் வார்ப்பார், இன்னொருவர் கொக்கி செய்வார், மூன்றாமவர் பூட்டி அனுப்புவார். அமெரிக்கக் கடைகள் அவற்றின் மேல் தங்களுக்குப் பிடித்த பெயரைப் போட்டு விற்றன. பெயர்கள் நூற்றுக்கணக்கில். உள்ளே இருந்தது கிட்டத்தட்ட ஒரே மெஷின்.

இந்தியாவில் லூதியானாவும் இதே வழியில் வளர்ந்த ஊர்தான். சிறு சிறு பட்டறைகள் ஆளுக்கொரு பாகம் செய்ய, அவை சேர்ந்து கறுப்பு மெஷின்களாக வெளியே வருகின்றன. மேலே இருக்கும் பெயர் எதுவாக இருந்தாலும் பாபின், பாபின் கேஸ், ஷட்டில், ஊசி எல்லாம் ஒன்றுக்கொன்று பெரும்பாலும் பொருந்தும். அதனால்தான் சின்ன ஊர் கடைத்தெருவில்கூட அதற்குப் பாகம் கிடைக்கிறது, பழுது பார்க்க ஆள் கிடைக்கிறார்.

கவனியுங்கள். கறுப்பு மெஷினும் பல கைகள் சேர்ந்து செய்ததுதான். ஆனால் அதன் உள்ளமைப்பு எல்லோருக்கும் தெரிந்தது. புது வெள்ளை மெஷினும் அடுத்தவர் செய்ததுதான். ஆனால் அதன் உள்ளமைப்பு மூடியது. ஊசியையும் பாபினையும் விட்டால், பல்சக்கரம், மோட்டார், எலக்ட்ரானிக் போர்டு எல்லாம் அந்த மாடலுக்கே உரியவை. பிராண்ட் நாளை வேறு ஃபேக்டரிக்கு ஆர்டரை மாற்றினால், பழைய மாடலின் பாகம் எங்கே கிடைக்கும்? "அந்த மாடல் நின்னுடுச்சு, புதுசா வாங்கிக்கோங்க" என்பதுதான் பதில் என்றால், வாரன்ட்டி முடிந்த அடுத்த மாதமே மெஷின் பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியதுதான்.

பொழுதுபோக்காகத் தைப்பவருக்கு இது எரிச்சல். வீட்டில் பிளவுஸ் தைத்து மாதத் தவணை கட்டுபவருக்கு இது சோறு. தீபாவளிக்கு முந்தைய வாரம் மெஷின் நின்றால், எடுத்த துணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்த வருஷம் அந்த வாடிக்கையாளர் வர மாட்டார். கணக்குப் பார்க்க வேண்டியது இங்கேதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பொட்டலப் பொருட்களுக்கான 2011-ம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளின்படி, இந்தியாவில் செய்த பொருள் என்றால் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் பெட்டியில் இருக்க வேண்டும். இறக்குமதி என்றால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது என்ற விவரம் வேண்டும். ஆன்லைன் விற்பனையிலும் நாட்டைச் சொல்ல வேண்டும் என்று 2020-ல் வந்த இ-காமர்ஸ் விதிகள் சொல்கின்றன.

ஓட்டை எங்கே என்று தெரிகிறதா? இறக்குமதி மெஷினில் நாடு இருக்கும், ஆனால் ஃபேக்டரி பெரும்பாலும் இருக்காது. 'சீனா', 'வியட்நாம்', 'தைவான்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு பாகம் தேட முடியாது.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. அடுத்தவர் செய்த பொருளின் மேல் தன் முத்திரையைப் போடுபவரும் சட்டப்படி தயாரிப்பாளர்தான். ஆகவே "நாங்க செய்யல, வெளியில வாங்கினது" என்று பிராண்ட் நழுவ முடியாது. புகார் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

2022-ல் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. வீட்டு உபயோகப் பொருட்கள் அதில் ஒரு பிரிவு. நல்ல தொடக்கம். ஆனால் தகவலைத் தருவதா வேண்டாமா என்பது பிராண்டின் விருப்பமாக இருக்கும் வரை, உரிமை என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் வராது.

"தொழில் ரகசியம்" என்ற சாக்கு

செய்து கொடுப்பவர் யார் என்று சொன்னால் போட்டியாளர்கள் அவரிடமே போய்விடுவார்கள் என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்ற துறைகளில் அந்தப் பயம் வென்றதாகத் தெரியவில்லை. நைக்கி 2005-லேயே தன் பொருட்களைச் செய்யும் ஃபேக்டரிகளின் பட்டியலை வெளியிட்டது. எச் அண்டு எம் 2013-ல் வெளியிட்டது. இரண்டு நிறுவனங்களும் இன்றும் வியாபாரம் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். விற்பவர் யார், தயாரித்தவர் யார் என்று இரண்டு வரிகள் தனித்தனியாக இருக்கும். பத்து ரூபாய் மாத்திரையில் போட முடிந்த ஒரு வரியைப் பத்தாயிரம் ரூபாய் மெஷினில் ஏன் போட முடியாது?

போட்டால் பெயர் கெட்டுவிடும் என்பதும் இல்லை. 1930-களில் இருந்து இந்தியாவில் இருக்கும் உஷா, ஜனோமேவின் மெஷின்களை 'உஷா ஜனோமே' என்று இரண்டு பெயர்களையும் சேர்த்தே விற்கிறது. அதனால் உஷாவின் மரியாதை குறையவில்லை. ஜனோமே பெயர் இருப்பதையே விற்பனையாளர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள்.

வாங்கும் முன் என்ன கேட்கலாம்?

* பெட்டியின் ஸ்டிக்கரையும் மெஷினின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். தயாரித்தவர், இறக்குமதி செய்தவர், விற்பவர் மூவரும் ஒருவரா, வேறு வேறா?
* முழு மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். அச்சு அசலாக அதே மெஷின் வேறு பிராண்ட் பெயரில், வேறு விலையில் இருக்கலாம்.
* "மோட்டாரும் போர்டும் எத்தனை வருஷம் கிடைக்கும்?" என்று கடையில் கேளுங்கள். பதிலை ஈமெயிலில் வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.
* சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா, கூரியரில் அனுப்ப வேண்டுமா என்று பாருங்கள்.
* உங்கள் தெரு மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். யூடியூப் ரிவ்யூவில் மெஷின் ஓடுவதைத்தான் காட்டுவார்கள். அது எப்படிப் பழுதாகும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

தேவை ஒரே ஒரு வரி

எல்லாவற்றையும் வாங்குகிறவரே துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்வது நியாயமில்லை. இறக்குமதி மெஷின்களிலும் செய்த ஃபேக்டரியின் பெயரை அச்சிடச் சொல்லி விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். கூடவே, பாகம் எத்தனை வருஷம் கிடைக்கும் என்பதும் பெட்டியில் இருக்க வேண்டும். விலை ஏறாது, வியாபாரம் நிற்காது.

எந்த ஃபேக்டரியில் வேண்டுமானாலும் செய்யட்டும். அது பிராண்டின் உரிமை. எந்த ஃபேக்டரியில் செய்தது என்று தெரிந்துகொள்வது, அந்த மெஷினை நம்பி ஊசியில் நூல் கோப்பவரின் உரிமை.